படம் ஆடாத செவ்வாய்க்கிழமை

மாடியிலிருந்து யாராவது குரல் கொடுத்தால், அடுப்பில் பால் பொங்கினாலும் சரி, முதலில் "இருக்கேன்" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன். தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மேலே போன என் மகன் சும்மா "அம்மா" என்றால்கூட அப்படித்தான். "ஏம்மா இப்படிப் பதறுற?" என்று சிரிப்பான். அவனுக்குச் சொன்னால் விளங்காது. உங்களுக்கு விளங்கும். நம் வயசுக்காரர்கள் எல்லோருமே ஏதோ ஒரு வீட்டு மாடிப்படியில் நின்று "வந்துருச்சு, போயிருச்சு" என்று தொண்டை கிழியக் கத்தியவர்கள்தானே.

அப்போது ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்கு ஒரே ஒரு டிவி. அது முதலாளி வீட்டில் இருந்தது. பேண்டேஜ் துணி நெய்து, வெளுத்து, பேல் பேலாக மூட்டை கட்டி அனுப்புகிற கம்பெனி அவருடையது. என் அப்பா அங்கே பேல் கட்டினார். தெருவில் பாதிப் பேருக்கு அங்கேதான் வேலை, அதனால் வேலைக்காரர் குடும்பத்தார் செவ்வாய்க்கிழமை மட்டும் கூடத்தில் வந்து உட்காரலாம் என்று முதலாளியம்மா அனுமதி கொடுத்திருந்தார்.

அந்தப் பெட்டி உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? நாலு கால், இரண்டு பக்கமும் இழுத்து மூடுகிற மரக்கதவு, அதற்கு ஒரு பூட்டு. திரைக்கு முன்னால் நீல பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், கண்ணுக்கு நல்லதாம். பக்கத்தில் ஸ்டெபிலைசர் முனகிக்கொண்டே இருக்கும். முதலாளியம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் திறந்ததும் கூடத்து விளக்கை அணைத்துவிடுவார்கள். சினிமாக் கொட்டகையில் அணைக்கிறார்களே, வீட்டிலும் அணைக்க வேண்டாமா!

செவ்வாய்க்கிழமை ஏழரை மணிக்கு ஒரு நாடகம். மொத்தம் பதின்மூன்று வாரம். ஒரு பங்களாக் காவல்காரன் தன் எஜமானரைக் கொன்றுவிட்டான் என்று வழக்கு. அவன் கொல்லவில்லை. அது பார்க்கிற நமக்கு மட்டும்தான் தெரியும், கோர்ட்டில் இருக்கிற ஒருவருக்கும் தெரியாது. எதிர் வீட்டு அம்மாள் ஒருத்தி கூண்டில் ஏறி, கைவிரலைக் கம்பியில் ஒவ்வொன்றாக வைத்து, "அந்த ஜன்னலில் விளக்கு எரியவில்லை" என்பாள். உடனே டங் டங் என்று ஒரு இசை. அந்த இசை என் காதிலேயே நிற்கும். வீட்டுக்குப் போகிற வழியில் அம்மாவின் முந்தானையை விடமாட்டேன்.

அந்த வருடம் தெருவுக்கே கோர்ட்டுக் கிறுக்குப் பிடித்திருந்தது. தண்ணீர்க் குழாயடியில் சண்டை வந்தால் "ஆட்சேபிக்கிறேன்" என்று ஒருத்தி கத்துவாள். நாற்காலியைத் திருப்பிப் போட்டு அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றால் அது கூண்டு. பிள்ளைகள் நாங்கள் வெள்ளைத் துணி ஓரத்தைக் கழுத்தில் கட்டி வக்கீலாவோம். பேண்டேஜ் துணிக்கா எங்கள் தெருவில் பஞ்சம்?

ஆனால் படம் சும்மா வந்துவிடுமா? கொடைக்கானல் பக்கம் பார்த்து ஆண்டெனா நிற்க வேண்டும். மொட்டை மாடியில் நெட்டைக் குழாய் ஒன்றில் அதைக் கட்டியிருந்தார்கள். சுவரோடு குழாயைப் பிடித்திருந்த கிளாம்ப் துருப்பிடித்து விட்டுப்போய்விட்டது. முதலாளி "வாங்கிரலாம், வாங்கிரலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆனி போய் ஆடி பிறந்தது. மலையிலிருந்து காற்று இறங்கினால் நம்ம ஊரில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குழாய் ஒரு விரற்கடை திரும்பினால் போதும், வக்கீல் முகம் பூச்சி பூச்சியாகப் பறந்து போய்விடும். அதனால் நாடகம் முடிகிற வரை ஒரு ஆள் மேலே நின்று குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த ஆள் அண்ணன். சொந்த அண்ணன் இல்லை, தெருவில் எல்லோருக்கும் அண்ணன். கம்பெனியில் வெளுப்புத் தொட்டியில் வேலை. முப்பத்தைந்து வயசு இருக்கும். பக்கத்தில் வந்தாலே பிளீச்சிங் பவுடர் வாடை அடிக்கும். ஒவ்வொரு செவ்வாயும் ஷிப்டு முடிந்து நேரே வந்து, செருப்பைப் படியடியில் விட்டுவிட்டு மேலே போய்விடுவார். அந்த நாடகத்தில் ஒரு காட்சியைக்கூட அவர் பார்த்ததில்லை. பார்க்க ஆசையா என்று யாரும் கேட்டதும் இல்லை.

நடுவில், மூன்றாவது வாரத்திலிருந்து, நான். அஞ்சாம் வகுப்பு படித்தேன், தொண்டை பெரிசு. மாடிப்படி திரும்புகிற இடத்தில் நின்று, கூடத்தில் சொல்வதை மேலே கத்த வேண்டும். மேலே கேட்பதைக் கீழே கத்த வேண்டும். அங்கிருந்து டிவி தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். என்னைவிடச் சின்னதுகள் எல்லாம் முன்வரிசையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து பார்க்க, நான் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு டங் டங் கேட்க வேண்டும். எனக்கு எம்புட்டு ஆத்திரம் இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஐந்தாவது வாரம். எதிர் வீட்டு அம்மாளை வக்கீல் குறுக்கு விசாரணை செய்யப் போகிறார். தெருவே ஒரு வாரமாக இதைத்தான் பேசியது. காற்று அன்றைக்கு ஊளையிட்டது. நாடகம் ஆரம்பிக்கிறதற்கு முன்னால் படம் போய்ப் போய் வந்தது. பக்கத்து வீட்டுத் தெலுங்கு அத்தை "ஏமாயிந்தி, என்னாச்சு" என்று பதறிக்கொண்டிருந்தார்.

"நல்லாருக்காட்டி?" மேலிருந்து அண்ணன்.

"இன்னும் செத்த மேக்க திருப்புங்கண்ணே! போதும்! போதும்! அப்படியே நில்லுங்க!"

படம் ஆடாமல் நின்றது. நான் ஒரு படி இறங்கினேன். யாரும் திரும்பவில்லை. இன்னொரு படி. பிறகு பூனை மாதிரி இறங்கிப் போய், கடைசி வரிசைக்குப் பின்னால் கூடத்துப் பீரோ ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். இருட்டில் யாருக்கும் தெரியவில்லை. அந்த அம்மாளின் முகத்தில் வியர்வை பூத்ததுகூட எனக்குத் தெரிந்தது. அரை மணி நேரமும் படம் ஒரு தடவைகூட ஆடவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்து விளக்குப் போடுகிறதற்குள் நான் படிக்கு ஓடிவிட்டேன். "முடிஞ்சிருச்சுண்ணே!" என்று கத்தினேன். கண் சிவந்து, தலையெல்லாம் மண்ணோடு அண்ணன் இறங்கி வந்தார்.

"ஏட்டி, தூங்கிட்டியா? தொண்டத்தண்ணி வத்தக் கூப்பிட்டேன்," என்றார். நான் இளித்துக்கொண்டு ஓடிவிட்டேன்.

மறுநாள் காலையில் முதலாளி வீட்டில் ஒரே கூச்சல். மாடியறை பீரோவில் இருந்த முதலாளியம்மாவின் இரட்டை வடச் சங்கிலியைக் காணோம். மாடியறை என்றால், நான் நிற்கிற திருப்பத்துக்கும் மொட்டை மாடிக்கும் நடுவில். நாடகம் போட்ட நேரத்தில்தான் போயிருக்கும் என்று முதலாளியம்மாவே முடிவு கட்டிவிட்டார். அதற்கு முன்னால் அதைக் கடைசியாக எப்போது பார்த்தார் என்று ஒரு ஆளும் கேட்கவில்லை. நாடகத்து வக்கீல் முதலில் கேட்கிற கேள்வியே அதுதான்! ஐந்து வாரம் வாய் பிளந்து பார்த்த தெருவுக்கு அந்த ஒரு கேள்வி தோன்றவில்லை.

மற்றதெல்லாம் நாடகம் மாதிரியே நடந்தது. கூடத்தில் ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டார்கள். முதலாளியம்மா சோபாவில் உட்கார்ந்தார். சமையல்காரம்மாவை நிறுத்தினார்கள், டிரைவரை நிறுத்தினார்கள். முதலில் இரண்டொருவர் சிரிக்கக்கூடச் செய்தார்கள். மூன்றாவதாக என்னைக் கூப்பிட்டார்கள். அம்மா வாசலில் நின்றிருந்தாள்.

"ஏட்டி, நீ படியிலதான நின்ன?" முதலாளியம்மா கேட்டார்.

"ஆமாம்மா."

"நாடகம் முடியுற வரைக்கும்?"

இங்கேதான் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்பார்கள். அம்மா முதுகுத் தோலை உரிப்பாள். முதலாளியம்மாவை ஏமாற்றிய பிள்ளையின் அப்பாவைக் கம்பெனியில் வைத்திருப்பார்களா? இத்தனையும் ஒரு நொடியில் என் தலைக்குள் ஓடியது.

"ஆமாம்மா."

"அவன் மேலதான் இருந்தானா?"

நாற்காலி முதுகை என் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிடித்தன. அந்த எதிர் வீட்டு அம்மாள் பிடித்த மாதிரியே. என் வாயிலிருந்து அவளுடைய குரல்தான் வந்தது.

"கூப்பிட்டேன். பதில் வரல."

கூடமே 'உச்' கொட்டியது. "பிள்ள வாயில பொய் வராது," என்று யாரோ சொன்னார்கள். அப்புறம் அண்ணனை அழைத்து வந்தார்கள். ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே வந்தார், என்ன விஷயம் என்றே அவருக்குத் தெரியவில்லை.

"மேலதாம்மா இருந்தேன். நாலஞ்சு தடவ நல்லாருக்கான்னு சத்தங் குடுத்தேன். கூப்பிட்டேன், பதில் வரல."

நான் சொன்ன அதே வார்த்தை. நான் சொன்னது பொய், அவர் சொன்னது மெய். கேட்டவர்களுக்கு என்னுடையது மெய்யாகவும் அவருடையது பொய்யாகவும் பட்டது. அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சாயங்காலம் போலீஸ் ஜீப் வந்தது. ஏட்டையா என்னை மடியருகில் நிறுத்தி, "பயப்படாமச் சொல்லு தாயி," என்று தட்டிக்கொடுத்துக் கேட்டார். அதே ஒரு வரியைத் திரும்பச் சொன்னேன், அவர் எழுதிக்கொண்டார். அண்ணன் செருப்பு இல்லாமல் ஜீப்பில் ஏறினார்.

அடுத்த செவ்வாய் குழாயைப் பிடிக்க டிரைவர் போனார். நான் என் இடத்தில். நாடகம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் ஆகியிருக்காது, "போச்சு! போச்சு!" என்று கூடம் கத்தியது.

"அண்ணே, படம் போயிருச்சு!" என்றேன்.

"செத்த இரு, கொசு கடிச்சிருச்சு. சொறிஞ்சேன்," என்றார் டிரைவர்.

அவர் மறுபடி குழாயைப் பிடித்ததும் படம் வந்தது. ஒரு கையை எடுத்ததற்கே படம் போய்விட்டது. போன வாரம் இதைவிடப் பேய்க்காற்று. அரை மணி நேரம் படம் ஆடவே இல்லை. அப்படியானால் அண்ணன் குழாயை விடவே இல்லை. கொசு கடித்தால்கூடச் சொறிந்திருக்க மாட்டார். மாடியறைக்கு எங்கே இறங்கி வருவது, பீரோவை எங்கே திறப்பது?

எனக்கே தெரிந்தது பெரியவர்களுக்குத் தெரியாமலா போகும் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். யாராவது சொல்லிவிட வேண்டுமே என்று ஒரு பயம். சொல்லிவிட்டால் நான் மாட்டுவேனே என்று இன்னொரு பயம். யாரும் சொல்லவில்லை. "இந்த டிரைவருக்குப் பிடிக்கத் தெரியல," என்று சலித்துக்கொண்டார்கள், அம்புட்டுத்தான். அதற்கடுத்த வாரம் முதலாளி புதுக் கிளாம்ப் வாங்கிப் போட்டுவிட்டார். குழாய் அசையாமல் நின்றது. மேலே ஒரு ஆள் நின்று பிடித்ததையே எல்லோரும் மறந்துபோனார்கள். என்னையும் கூடத்துக்குள் உட்காரச் சொன்னார்கள், அதுவும் முன்வரிசையில். சாட்சிக்காரியாயிற்றே!

முன்வரிசையில் உட்கார்ந்து நான் என்ன பார்த்தேன் என்கிறீர்கள்? காவல்காரன் கூண்டில் நிற்பான். நீலத் தாளுக்குப் பின்னால் அவன் முகம் எனக்கு அண்ணன் முகமாகத் தெரியும். இசை அடித்தால் காதைப் பொத்திக்கொள்வேன். பள்ளிக்கூட வாசலில் சைக்கிள் நின்றால் போலீஸ் என்று நினைப்பேன். அஞ்சாம் வகுப்பில் படுக்கையை நனைத்தேன், சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன். அம்மா மந்திரித்துக் கயிறு கட்டினாள்.

ஒரு நாள் மத்தியானம் அண்ணன் சம்சாரம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் கைக்குழந்தை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஜெயிலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட வீடு வாசல் உள்ள இரண்டு ஆள் வேண்டுமாம். முதலாளியைப் பகைத்துக்கொண்டு போட தெருவில் ஒருத்தரும் இல்லை. அழுவாள், சபிப்பாள் என்று பார்த்தேன். அவள் குரலைக்கூட உயர்த்தவில்லை.

"பாப்பா, அவிய ஒன்னைய ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாக. நீ படியில நின்னியாங்கத மட்டும் கேட்டுட்டு வான்னாக."

நான் அம்மாவின் பின்னால் ஒளிந்தேன்.

"பச்சப்பிள்ளையப் போய் மெரட்டுதியே, நல்லாருக்கா ஒனக்கு?" என்றாள் அம்மா.

"மெரட்டல மதினி. கேட்டேன்." அந்த அக்கா குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். பிறகு போய்விட்டாள்.

அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். ஈரத்துணி போட்ட அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பீரோ ஓரம், படம் ஆடாதது, கொசு, எல்லாம். அம்மா அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் முகம் வெளிறிப்போய்விட்டது.

"ஆத்தா, இத எவகிட்டயும் சொல்லிராத. போலீசுல ஒண்ணச் சொல்லிட்டுக் கோர்ட்டுல மாத்துனா ஒன்னையப் பிடிச்சு உள்ள போட்டுருவாக. நீயும்தான பாத்த?"

பார்த்தேன்தான். ஏழாவது வாரம் நாடகத்தில் தோட்டக்காரன் தான் போலீசில் சொன்னதை மாற்றிச் சொன்னான். இரண்டு போலீஸ் வந்து அவனை இழுத்துக்கொண்டு போனார்கள். கதை எழுதியவர் என்ன நினைத்து எழுதினாரோ, எங்கள் தெருவுக்கு அது சட்டமாகிவிட்டது. அம்மா பொல்லாதவள் இல்லை. அவளுக்குத் தெரிந்த ஒரே கோர்ட்டு அந்த மரப்பெட்டிக்குள் இருந்தது. அதை நம்பி மகளைக் காப்பாற்றினாள், அதை நம்பி இன்னொருத்தி புருஷனை உள்ளே விட்டாள்.

நாடகம் பதின்மூன்றாவது வாரம் முடிந்தது. காவல்காரன் விடுதலை. கொன்றவர் கோர்ட்டிலேயே எழுந்து நின்று விம்மி அழுதார். தெரு கைதட்டியது, முதலாளியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம், செய்யாத தப்புக்கு எம்புட்டுப் பாடு பட்டான்," என்றார். எங்கள் கதையில் அப்படி யாரும் எழுந்து நிற்கவில்லை. சங்கிலி எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது.

கார்த்திகையில் எனக்குச் சம்மன் வந்தது. அப்பா லீவு போட்டு என்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப் போனார். பஸ்ஸில் வாந்தி எடுத்தேன். தூரத்தில் கோபுரம் தெரிந்ததும் அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "நீயும் கும்பிட்டுக்க," என்றார். கும்பிட்டேன். என்ன வேண்டுவது என்று தெரியவில்லை. அண்ணனை விடச் சொல்லியா, என்னைப் பிடிக்காமல் இருக்கச் சொல்லியா? இறங்கியதும் அப்பா இலையில் பால்கோவா வாங்கிக் கொடுத்தார். ஒரு வாய்கூட இறங்கவில்லை, கையிலேயே வைத்திருந்தேன்.

நிஜக் கோர்ட்டில் இசை இல்லை. காற்றாடி கிரீச்சிட்டது, பழைய காகித வாடை அடித்தது. வக்கீல்கள் ஒருவர் காதில் ஒருவர் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். ஒரு வாய்தா, இன்னொரு வாய்தா. மத்தியானம் ஆயிற்று. டவாலி என் பெயரை இழுத்துக் கூப்பிட்டபோது பால்கோவா இலையோடு கூண்டில் ஏறினேன். எட்டவில்லை என்று ஒரு ஸ்டூல் போட்டார்கள். எதிரே அண்ணன். மெலிந்திருந்தார். அவர் மேலிருந்து பிளீச்சிங் வாடை போயிருக்கும் என்று அந்த நேரத்தில் எனக்கு ஏனோ தோன்றியது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "பொய் சொன்னா என்ன ஆகும், தெரியுமாம்மா?"

"தெரியும் சார். சொன்னத மாத்துனா போலீஸ் பிடிச்சிட்டுப் போயிருவாங்க."

"யாரு சொன்னா?"

"டிவியில காட்டுனாங்க சார்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "இது டிவி இல்லம்மா. முன்னாடி என்ன சொன்னங்கிறதை விடு. நடந்தது என்னவோ அதைச் சொல்லு. உன்னை யாரும் பிடிக்க மாட்டாங்க. நான் பாத்துக்கிறேன்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் அத்தனை மாதம் காத்திருந்தேன் போல. தெருவில் ஒரு பெரிய ஆள் அதைச் சொல்லியிருந்தால் போதுமே! அப்பா பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்காமல் சொன்னேன்.

"நான் கூப்பிடவே இல்ல சார். நான் படியில இல்ல. படம் பாக்கக் கீழ போயிட்டேன்."

அரசாங்க வக்கீல் எழுந்தார். "அப்படின்னா இந்த ஆள் மேலதான் இருந்தான்னு உனக்குத் தெரியாது. அப்படித்தானே?"

"இருந்தாரு சார்."

"நீதான் பாக்கலையே. எப்படித் தெரியும்?"

"படம் ஆடல சார்."

வக்கீல் சிரித்துவிட்டார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "ஆண்டெனா நிக்கிறது கிளாம்ப் இல்லாத கம்பமா?" என்று என்னிடமே கேட்டார்.

"ஆமா சார். அன்னைக்கு ஆடிக்காத்து. அண்ணன்தான் கட்டிப் பிடிச்சிருந்தாரு. மறுவாரம் டிரைவர் மாமா கொசு கடிச்சு ஒரு கைய எடுத்தாரு. உடனே படம் போயிருச்சு சார். அண்ணன் பிடிச்ச அன்னைக்குப் போகவே இல்ல. யார வேணா கேளுங்க, தெருவே பாத்துச்சு."

"எங்க வீட்டுல என் மச்சினர் பிடிப்பார்," என்றார் நீதிபதி, யாரிடம் என்று இல்லாமல். "மூக்கைச் சொறிய விடமாட்டோம்." பிறகு, அன்றைக்குப் படம் எப்படி இருந்தது என்று முதலாளியம்மாவையே மறுபடி கூண்டில் ஏற்றிக் கேட்கச் சொன்னார். முதலாளியம்மா பொய் சொல்லவில்லை. "தெளிவாத்தான் இருந்துச்சு," என்றார். சொல்லும்போதே அவர் முகம் மாறியது. நான் வெளியே வந்து பார்த்தபோது என் கையிலிருந்த பால்கோவா இலையோடு நசுங்கி விரலெல்லாம் ஒட்டியிருந்தது.

பத்து நாளில் அண்ணனை விட்டுவிட்டார்கள். அப்பாவுக்கு வேலை போகவில்லை. என்னைப் போலீஸ் பிடிக்கவில்லை. முதலாளியம்மா என்னைக் கூடத்துக்குக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். நாங்கள் பயந்ததில் ஒன்றுகூட நடக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

அண்ணன் வெளியே வந்த மறுநாள் எங்கள் வாசலில் அவர் குரல் கேட்டது. "பாப்பா இருக்கா?" நான் அடுக்களையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய்ப் பதுங்கிக்கொண்டேன்.

"சின்னப்பிள்ள தம்பி, தெரியாமச் செஞ்சிட்டா…"

"ஒண்ணு கேக்கணும் மதினி. கேட்டுட்டுப் போயிருதேன்."

அம்மா என்னை இழுத்து வந்து நிறுத்தினாள். அம்மா கொடுத்த தண்ணீரை அண்ணன் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தார். அடிக்கப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அந்த நாடகத்துல யாருட்டி கொன்னது?"

கண்ணைத் திறந்தேன். அவர் நிஜமாகவே கேட்டார். முதல் வாரத்திலிருந்து பதின்மூன்றாவது வாரம் வரை சொன்னேன். நடுவில் நிறுத்தி நிறுத்தி, "அந்த வக்கீல் எப்படி இருப்பாரு? நெட்டையா?" என்று கேட்டார். எதிர் வீட்டு அம்மாள் பொய் சொன்ன இடம் வந்ததும் எனக்கு வாய் குழறியது.

"அவளா ஒத்துக்கிட்டாளா, வக்கீல் கண்டுபிடிச்சாரா?"

"வக்கீல்தாண்ணே கண்டுபிடிச்சாரு."

"ம். அந்தக் காவக்காரன் எத்தன வாரம் உள்ள கெடந்தான்?"

"பதிமூணு."

"நான் பதினேழு," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் மறந்திருப்பேன்.

எழுந்து வாசற்படி இறங்கியவர் திரும்பினார்.

"அன்னைக்கு மேல நின்னு எத்தன தடவ கேட்டேன், ஒரு பதிலும் இல்ல. சரி, நல்லாத்தான் தெரியுது போலன்னு விடாமப் பிடிச்சிருந்தேன். இப்பமாச்சும் சொல்லு. படம் நல்லாருந்துச்சா?"

"நல்லாருந்துச்சுண்ணே," என்றேன். அழுகையில் சத்தம் வரவில்லை. அவருக்குக் கேட்டிருக்காது என்று பயந்து, மாடிப்படியில் நின்று கத்துகிற மாதிரி இன்னொரு தடவை கத்தினேன். "நல்லாருந்துச்சுண்ணே! ஆடவே இல்ல!"

"சரி," என்று தலையை ஆட்டிவிட்டு அவர் தெருவில் இறங்கிப் போனார்.